புராஸ்டேட் வீக்கமா, பெருக்கமா?

"அப்பாவுக்கு புராஸ்டேட் வந்திருக்கு" என்று பலரும் சொல்கிறார்கள். புராஸ்டேட் ஒரு நோயின் பெயர் இல்லை. எல்லா ஆண்களுக்கும் பிறவியிலேயே இருக்கும் சுரப்பி அது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கிறது; விந்துநீரின் ஒரு பகுதி இதில்தான் சுரக்கிறது. இளவயதில் எடை சுமார் 20 கிராம்.

கிரேக்கத்தில் 'ப்ரோஸ்டாடெஸ்' என்றால் முன்னே நிற்பவர். அதை அப்படியே தமிழாக்கி 'முன்னிற்கும் சுரப்பி' என்று இலங்கையில் எழுதுகிறார்கள். 'ஆண்மைச் சுரப்பி' என்றும் சில இதழ்களில் பார்க்கலாம். அந்தப் பெயர் வேண்டாம் என்பேன். ஆண்மைக்கே ஏதோ குறை என்று கூச்சப்பட்டு, பெரியவர்கள் தொந்தரவை வெளியே சொல்லாமல் இருந்துவிடுவார்கள். 'விந்துச் சுரப்பி' என்றால் விரையோடு குழம்பும். முன்னிற்கும் சுரப்பி, அல்லது புராஸ்டேட் சுரப்பி போதும்.

அடுத்தது 'வீக்கம்'. வீக்கம் என்றால் மாத்திரை போட்டால் வடிந்துவிடும் என்று தோன்றும். இங்கே நடப்பது வேறு. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் இன்னொரு ஹார்மோன் தூண்ட, வயது ஏற ஏற செல்கள் எண்ணிக்கையில் கூடி, சுரப்பி பருத்துக் குழாயை நெருக்குகிறது. ஆகவே 'பெருக்கம்' என்பதே சரி. கிருமித் தொற்று போன்றவற்றால் வருவது புராஸ்டேட் அழற்சி. அது தனி நோய்.

மருத்துவர்கள் 'தீங்கற்ற' என்ற அடைமொழியையும் சேர்ப்பார்கள். புற்றுநோய் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். கவனிக்காமல் விட்டால் சிறுநீர் முழுக்க அடைத்துக்கொள்ளலாம், பையில் கல் சேரலாம், சிறுநீரகமே கெடலாம். 'புற்றுநோயல்லாத புராஸ்டேட் பெருக்கம்' என்று எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

நம் ஊரில் 'நீரடைப்பு', 'சொட்டுமூத்திரம்' என்பவை அறிகுறிகளின் பெயர்கள். இரவில் பலமுறை எழுவது, முக்கினாலும் தாரை மெலிந்து வருவது, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது எல்லாம் இதில் அடக்கம். சுரப்பி எவ்வளவு பெரிது என்பதைவிட தொந்தரவு எவ்வளவு என்பதைப் பார்த்தே சிகிச்சை முடிவாகும். லேசாக இருந்தால் மாலைக்கு மேல் தண்ணீர், காபியைக் குறைத்துக் கவனித்து வரலாம். டாம்சுலோசின் என்ற மருந்து தசையைத் தளர்த்தி சில நாட்களிலேயே பலன் தரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். ஃபினாஸ்டிரைடு என்ற மருந்து சுரப்பியையே சுருக்கும், ஆனால் பல மாதங்கள் ஆகும். அது ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்; புற்றுநோய் சந்தேகம் உண்டா என்று பார்க்க அளப்பது) அளவையும் ஏறக்குறைய பாதியாக்கிவிடும் என்பதால், பரிசோதனையின்போது அதைச் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காவிட்டால் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவியை விட்டுச் செதுக்கி எடுப்பார்கள்; லேசர் முறையும் உண்டு.

இன்னொன்று: கண்புரை அறுவைக்குப் போகும் பெரியவர் டாம்சுலோசின் சாப்பிடுபவர் என்றால், கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தால் அறுவையின்போது கருவிழிப்படலம் (ஐரிஸ்) தொய்ந்துபோகக்கூடும். அப்புறம், சளிக்காகக் கடையில் தானாக வாங்கிப் போடும் சில மாத்திரைகளாலும் புராஸ்டேட் பெருக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். அப்படி அடைத்தாலோ சிறுநீரில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.