பேர் தெரியாத துரையை எச்சிலில் தேடுவது எப்படி?

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பேச்சு அடிபடும்: "அம்மாயியோட அப்பா வெள்ளைக்காரத் துரை." அம்மாயி என்றால் தாயின் தாய்; துரை, தோட்டத்தை நடத்தியவர். அந்தப் பேச்சுக்கு மேல் எதுவும் இராது. பெயர் இல்லை, படம் இல்லை. அம்மாயியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். இல்லாவிட்டால் பிற்பாடு தாயைக் கட்டிக்கொண்டவரின் பெயர் இருக்கும். தோட்டத்தில் நடக்கும் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு துரைக்கே இருந்ததால், 'அறிவித்தவர்' என்ற இடத்தில் அந்தத் தகப்பனே கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும்.

இன்றைய நிலையில் அந்தத் துரை யார் என்று எச்சிலில் உள்ள டிஎன்ஏ மூலம் கண்டுபிடித்துவிடலாம். அதே அம்மாயியின் தாய் வழி தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு புறப்பட்டு வந்தது என்பதைத்தான் டிஎன்ஏ லேசில் சொல்லாது. கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் அது கணக்கு செய்யும் வேலை.

நமது டிஎன்ஏ தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. பள்ளிக்கூடத்தில் நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்று படித்தவை 23 சோடி. பால் நிறமூர்த்தங்களை விட்டால் 22. துரையின் மகளிடம் பாதி துரையுடையது. அவள் பிள்ளையிடம் ஏறத்தாழ 25 வீதம், பேரப்பிள்ளையிடம் 12.5, அதற்கடுத்த தலைமுறையில் 6.25. முதல் பாதி மட்டும்தான் திட்டமானது, மற்றவை சராசரி. காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் நிறமூர்த்தச் சோடி சீட்டுக்கட்டைப் போலக் கலைக்கப்படுகிறது. விந்தணுவில் சராசரியாக 26 இடங்களில், முட்டையில் 40 இடங்களுக்குக் கிட்ட, சோடிகள் அறுந்து மாறி ஒட்டுகின்றன. வெட்டுகள் இவ்வளவு குறைவு என்பதால் முன்னோரின் டிஎன்ஏ பொடிப்பொடியாவதில்லை. நீளமான துண்டுகளாகவே இறங்கி வருகிறது. அந்த நீளத்தை அளக்கும் அலகு சென்டிமார்கன்.

பரிசோதனைக் கொம்பனிகள் ஒருவரின் டிஎன்ஏயில் ஆறேழு லட்சம் புள்ளிகளைப் படித்து, தம்மிடமுள்ள மற்ற எல்லாருடனும் ஒப்பிடுகின்றன. இருவரிடம் ஒரே நீளத் துண்டு அப்படியே இருந்தால், அது ஒரே முன்னோரிடமிருந்து வந்தது என்று கொள்ளலாம். தாயும் பிள்ளையும் சுமார் 3,400 சென்டிமார்கன் பகிர்வார்கள். கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சராசரி 866, அவர்களின் பிள்ளைகள் 229, அதற்கடுத்த தலைமுறை 73. 7 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் பல தற்செயல் ஒற்றுமை.

இனி அந்த எரிச்சலூட்டும் கணக்கு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறை பார்த்துக் கட்டிய குடும்பங்களில் ஒரே துண்டு பல வழிகளில் வந்து சேரும். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு, டிஎன்ஏயில் சராசரி 6.25 வீதத்தில் இரண்டு பிரதியும் ஒன்றாகவே இருக்கும். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் 12.5 வீதம். அதற்கு முன்னும் நூற்றாண்டுக் கணக்கில் சாதிக்குள்ளேயே திருமணம். ஆகவே தமிழ்ப் பக்கத்தில் 70 சென்டிமார்கன் பொருத்தம் ஒன்று வந்தால், அது மூன்றாம் தலைமுறை உறவா, ஏழாம் தலைமுறையில் நாலைந்து வழியாகச் சேர்ந்த உறவா என்று பிரித்தறிவது மிகக் கடினம். துரை விட்டுச்சென்ற துண்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை ஒரே ஆள் வழியாக வந்தவை, தமிழ் டிஎன்ஏயின் நடுவே தனியாகத் தெரியும். இவற்றோடு பொருந்தக்கூடிய ஆட்களும் ஏராளம்: அன்செஸ்ட்ரி கொம்பனியிடம் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரின் டிஎன்ஏ இருக்கிறது. பெரும்பாலோர் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாக்காரர். திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து எத்தனை பேர் எச்சில் துப்பி அனுப்பியிருப்பார்கள்?

யாரைச் சோதிப்பது என்பதில்தான் பலர் காசைக் கரியாக்குகிறார்கள். டொரொன்டோவில் இருக்கும் பேரன் ஆசையோடு முதலில் தன்னைச் சோதிப்பான். இரண்டு தலைமுறைத் துண்டுகள் அதற்குள் போய்விட்டிருக்கும். உயிரோடு இருப்பவர்களில் துரைக்கு மிகக் கிட்டியவரே முக்கியம். அம்மாயி இல்லையென்றால் அவருடைய பிள்ளைகளில் ஒருவர் போதாது. இருவரைச் சோதித்தால் அம்மாயியின் டிஎன்ஏயில் சராசரி 75 வீதம் கிடைக்கும், மூவர் என்றால் 87.5. துரைக்குப் பிறந்தது மகனாக இருந்து, அவர் வழியில் மகன், மகன் என்றே இறங்கியிருந்தால் ஆண்களிடம் மட்டும் இருக்கும் வை நிறமூர்த்தச் சோதனையையும் செய்யுங்கள். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாறாமல் போவது, ஐரோப்பியக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. இடையில் ஒரு பெண் வந்துவிட்டால் இந்தச் சோதனையால் பயனில்லை.

மாதிரி எடுப்பது காலையில், தேத்தண்ணி குடிக்கும் முன். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். வெற்றிலை போடும் பெரியவர்கள் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே நிறுத்தி, காலையில் பச்சைத் தண்ணீரில் நன்றாக வாய் கொப்பளிக்கட்டும். பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆய்வுகூட நொதிகளின் வேலையைத் தடுக்கக்கூடியவை. எச்சில் குழாய்க்கு ஏறக்குறைய 2 மில்லி லீட்டர் வேண்டும், நுரை கணக்கில் சேராது. வாய் வறண்ட முதியவர்களுக்கு இது பெரும்பாடு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் கொம்பனியைத் தெரிவுசெய்தால் சங்கடமில்லை: கன்னத்துக்கு ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்து, நுனியை விரலால் தொடாமல், தந்திருக்கும் திரவக் குழாய்க்குள் போட்டு மூட வேண்டும். அதற்கு முன், முடிவில் என்னவெல்லாம் வெளிவரலாம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அது அவருடைய தாயின் கதை. துரையின் பங்களாவில் "முடியாது" என்று சொல்லும் நிலையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பதை அவர் நம்மைவிட அறிவார்.

முடிவு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது இன வீதத்தை. அம்மாயியின் பிள்ளையிடம் 25 வீதம் ஐரோப்பா என்றால் பேச்சில் உண்மை இருக்கிறது. ஒன்றிரண்டு வீதம் என்றால் அது வெறும் கணிப்புப் பிழையாகவும் இருக்கலாம். ஐரோப்பியத் துண்டு இருந்தால் துரை என்று முடிவு கட்டவும் கூடாது. மலைநாட்டு ரயில்வேயிலும் தோட்டத்து ஒப்பிஸ்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வேலை பார்த்தார்கள். பொருந்தியவர்களின் குடும்ப மரங்கள் ஸ்கொட்லாந்துக்குப் போகாமல் ஒல்லாந்துக்கும் கொழும்புக்கும் போனால் தேடும் ஆளை மாற்ற வேண்டியதுதான்.

உண்மையான வேலை, யார் யாரோடு டிஎன்ஏ பொருந்துகிறது என்று கொம்பனி தரும் பொருத்தப் பட்டியலில் இருக்கிறது. துரை வழியில் வரும் 40 சென்டிமார்கனுக்கு மேற்பட்டவர்களை எடுத்து, அவர்களில் யார் யார் ஒருவருக்கொருவர் பொருந்துகிறார்கள் என்று பார்த்து நிறம் கொடுங்கள். பொதுவாக இரண்டு கூட்டம் பிரியும்: ஒன்று துரையின் தகப்பன் வழி, மற்றது தாய் வழி. ஒவ்வொரு கூட்டத்தின் குடும்ப மரங்களையும் மேல்நோக்கிப் படித்து, எல்லாருக்கும் பொதுவான மூதாதைத் தம்பதியைப் பிடியுங்கள். பிறகு அந்த இரு தம்பதிகளின் சந்ததியையும் கீழ்நோக்கி எழுதிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் இந்த வீட்டுப் பையன் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியிருப்பான். அவர்கள்தான் துரையின் தாய் தகப்பன். ஸ்கொட்லாந்து என்றால் இது விரைவாக நடக்கும்: 1855 முதல் அங்கே மரணப் பதிவில்கூட இறந்தவரின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயரைக் குறித்திருக்கிறார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகு வரும். அந்தத் தம்பதிக்கு ஐந்து மகன்கள், அதில் இருவர் இலங்கைக்கு வந்தவர்கள் என்று வையுங்கள். அண்ணன் முதலில் வந்து தம்பியைக் கூப்பிட்டுக்கொள்வது தோட்டத் தொழிலில் வழக்கமாயிருந்தது. மேலே சொன்ன கூட்டங்களை வைத்து அண்ணனா தம்பியா என்று பிரிக்கவே முடியாது. இருவரின் நேரடி வாரிசுகளையும் சோதிக்க வேண்டும். துரையின் மகளான அம்மாயியோடு, துரை சீமையில் கட்டிய மனைவி வழிப் பேரன் சராசரி 870 சென்டிமார்கன் பகிர்வான். சகோதரனின் பேரன் என்றால் 430 அளவில் நிற்கும். இந்த இடைவெளி பெரியது, குழப்பத்துக்கு இடம் குறைவு. இரண்டு தலைமுறை தள்ளிப்போனால் எண்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அப்போது காகிதம் கைகொடுக்கும். ஃபர்குசன் வெளியிட்ட இலங்கை டைரக்டரிகளில் தோட்டம், ஏக்கர், உரிமையாளர், துரை என்று வரிசையாக இருக்கும். அம்மாயி பிறந்த திகதியிலிருந்து ஒன்பது மாதம் பின்னே போய், அந்த ஆண்டுப் பதிப்பையும் முன்பின் இரண்டு பதிப்புகளையும் பாருங்கள். அச்சுக்குப் போன பின் துரை மாறியிருப்பார். குடும்பத்தில் 'பெரிய துரை' என்று சொன்னாலும் அவருக்கு உதவியாளரான சின்னத் துரையை முதலில் தேடுவது நல்லது. கலியாணமாகாமல் இருபதுகளில் தனி பங்களாவில் இருந்தவர் அவர். சம்பளமில்லாமல் தொழில் பழக வந்த 'கிரீப்பர்' என்பவர், டைரக்டரியில் ஏறாமலே இருந்திருக்கலாம். 1914இல் திடீரென மறைந்த பெயர் என்றால் போர்ப் பதிவுகளைப் பாருங்கள், தோட்டத் துரைமார் படை அந்த ஆண்டே எகிப்துக்குக் கப்பலேறியது. பிள்ளை விடுதியில் வளர்ந்ததாகப் பேச்சிருந்தால், நுவரெலியாவில் 1920களில் தொடங்கிய பெய்ன்டர் இல்லத்தையும் விசாரிக்கலாம். இத்தகைய பிள்ளைகளுக்கென்றே எழுந்த இடம் அது.

தாய் வழிக்கு வந்தால் வேலை தலைகீழ், காகிதம் முன்னே, டிஎன்ஏ பின்னே. இலங்கையில் வசித்த இந்திய, பாகிஸ்தானியருக்கான 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. வதிவிடத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தோம் என்று குடும்பங்கள் அவற்றில் எழுதின. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களின் கடவுச்சீட்டு, குடும்ப அட்டைகளில் சொந்தக் கிராமம், தாலுகா இருக்கக்கூடும். பெட்டியில் அப்படியொன்று கிடைத்து, அம்மாயியின் தாய் கூடப்பிறந்தவர் வழி நீலகிரியின் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருப்பதாகத் தெரிந்தால், அடுத்த பஞ்சுக்குச்சியை அங்கே அனுப்புங்கள்.