முதல் ரேங்க் வாங்கியவருக்கும் ஏடிஎச்டி இருக்கலாம்

போன வாரம் ஒரு பெண்மணி வந்திருந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர், பெரிய நிறுவனம் ஒன்றில் பிரிவுத் தலைவர், பள்ளியிலிருந்து கல்லூரி வரை முதல் ரேங்க். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததுமே, "டாக்டர், நீங்களாவது என்னைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்" என்றார். முன்பு பார்த்த மருத்துவர் அவருடைய படிப்பையும் பதவியையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கெல்லாம் ஏடிஎச்டி இருக்க வாய்ப்பே இல்லை, கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்று அனுப்பிவிட்டாராம். (ஏடிஎச்டி, ADHD, என்பது சிறுவயதிலிருந்தே கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுப்படுத்தத் திணறும் குறைபாடு.) இதே பதிலைக் கேட்டுவிட்டு இந்த மாதம் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மதிப்பெண்ணை வைத்து ஏடிஎச்டி இல்லை என்று சொல்ல முடியாது. பதவியை வைத்தும் முடியாது. அறிவுத்திறன் வேறு, அந்த அறிவை வேண்டிய நேரத்தில் வேண்டிய வேலைக்குத் திருப்பும் திறன் வேறு. ஏடிஎச்டி கைவைப்பது இரண்டாவதில்தான். வேலையைத் தொடங்குவது, பாதியில் விட்ட இடத்தை நினைவில் வைப்பது, நேரம் எவ்வளவு ஓடிவிட்டது என்று உணர்வது, இவையெல்லாம் சறுக்கும். கூர்மையான அறிவுள்ளவர் இதை வருடக்கணக்கில் சமாளித்துவிடுவார். முழுப் பாடத்தையும் தேர்வுக்கு முந்தைய இரவில் படித்து முதலிடம் வாங்குவார். எழுப்பிவிட வீட்டில் ஆள் இருக்கும், பள்ளியில் மணி அடிக்கும், முதல் வேலையில் மேலதிகாரி தினமும் வந்து கேட்பார். பதவி உயர்வு வந்ததும் இந்தத் தாங்கல்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். இனி பத்துப் பேருக்கு இவர் திட்டம் போட வேண்டும். என்னிடம் வரும் பலர், வேலையில் நன்றாகப் பெயர் எடுத்து மேலே போன அந்த வருடத்தில்தான் நிலைகுலைந்திருக்கிறார்கள்.

மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். "சாதித்திருக்கிறாரா?" என்று பார்த்து முடித்துவிடாதீர்கள். எப்படிச் சாதித்தார் என்று கேளுங்கள். இருபது நிமிட அறிக்கையை மூன்று நாள் தள்ளிப்போட்டு, அந்த மூன்று நாளும் அதையே நினைத்துப் பயந்து, கடைசி இரவு இரண்டு மணிக்கு எழுதி அனுப்புகிறார். அறிக்கை பிரமாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மூன்று நாள் யாருக்கும் தெரியாது. பிழை வந்துவிடுமோ என்று ஒரு மெயிலை ஐந்து முறை படிக்கிறார். தூக்கம் போகிறது, வீட்டில் சண்டை வருகிறது.

இன்னொரு பேச்சு என்னை மிகவும் சோர்வடைய வைக்கிறது: "பிடித்த வேலை என்றால் ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருகிறாரே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" கவனம் இல்லாமல் போவது இங்கே பிரச்சினையே இல்லை. கவனத்தின் கடிவாளம் கையில் நிற்பதில்லை. ஆர்வமோ, புதுமையோ, கழுத்துக்கு வந்த கெடுவோ இருந்தால் அது தானாகப் பாயும். முக்கியமான வேலை என்பதற்காக மட்டும் வராது. மேலாளர்கள் இதைப் பார்த்துவிட்டு, "முடியும், வேண்டுமென்றே செய்வதில்லை" என்று முடிவுகட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அதற்காக, கவனம் சிதறும் எல்லோருக்கும் ஏடிஎச்டி என்றும் கிடையாது. பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 2 அல்லது 3 பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 அளவுகோலின்படி, அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வேலை, வீடு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். 38 வயதில் முதல் தடவையாகத் தொடங்கிய மறதி என்றால் தைராய்டு, தூக்கக் குறைபாடு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றைத்தான் முதலில் தேடுவேன். இணையத்தில் கிடைக்கும் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு நீங்களே முடிவுசெய்துகொள்ளாதீர்கள். அது மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று அறிவதற்கான வடிகட்டி மட்டும்தான்.

நண்பரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கவே கூடாது! ஏடிஎச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைத் தருவதற்கு முன் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கிறோம், இதயத்தைப் பற்றிக் கேட்கிறோம். காரணமில்லாமல் கேட்பதில்லை. இன்னொரு ஏடிஎச்டி மருந்தான அட்டோமாக்ஸெட்டின் எடுப்பவர்கள், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்தாம் நாளே நிறுத்திவிட வேண்டாம். வேலையைத் தொடங்க மாத்திரை உதவும். எதைத் தொடங்குவது என்று அது சொல்லாது.

அதனால் வேலை செய்யும் முறையையும் மாற்றியாக வேண்டும். தலைக்குள் எதையும் வைத்திருக்காதீர்கள். வாய்மொழியாக வந்த வேலையை அந்த நிமிடமே எழுதுங்கள். ஒரு மாதக் கெடுவை வாரக் கெடுக்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் காத்திருக்கும் ஓர் ஆளை வையுங்கள். நீங்களே உங்களுக்கு வைக்கும் கெடுவை உங்கள் மூளை நம்பாது. தொடங்கவே முடியாத வேலைக்கு, பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், பலருக்குக் கை ஓடுகிறது. மீட்டிங்குகளை ஒட்ட ஒட்ட வைக்காதீர்கள். இடையில் பத்து நிமிடம் விட்டு, யாரிடம் என்ன ஒப்புக்கொண்டோம் என்று குறித்துவிட்டு அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். புது வேலைக்கு உடனே சரி சொல்லும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. "நாளை சொல்கிறேன்" என்று பழகுங்கள்.

அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்லாமலேயே, "முடிவுகளை மெயிலில் அனுப்பிவிடுங்கள்" என்று கேட்கலாம். மேலாளர்களே, இப்படிக் கேட்டால் செய்து கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பெண்களிடம் தனியாக ஒன்று. சிறுவயதில் ஓடியாடி வகுப்பைக் கலைக்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்த சிறுமிகளை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. தன் பிள்ளையின் பரிசோதனைக்கு வந்து, நான் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் "இது நான்தானே" என்று கண் கலங்கிய அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகத்தைப் புதைத்துவிடாதீர்கள், இது குடும்பங்களில் வழிவழியாக வருவது.

வரும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள். மதிப்பெண்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. ஓரத்தில் ஆசிரியர் எழுதியதைத்தான் படிப்பேன். போன வாரம் வந்தவரின் கார்டில் நான்கு வருடம், நான்கு வேறு கையெழுத்துகளில் ஒரே வரி இருந்தது: "கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது."