கெப் வண்டியின் மூச்சுக்கு ஒரு மீற்றர்

கொழும்பில் எந்த டயர் கடையில் வண்டியை நிறுத்தினாலும் "எவ்வளவு அடிக்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "முன்னுக்கு 32, பின்னுக்கு 36" என்று நாமும் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். அந்த 32 என்பது பிஎஸ்ஐ. ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை இறாத்தல் விசை அழுத்துகிறது என்ற கணக்கு. ஆணி குத்திக் காற்றுப் போன டயரில் மீற்றர் 0 காட்டும். ஆனாலும் அதற்குள் காற்று இருக்கிறது. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றே கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டிருக்கிறது. மீற்றர் அதை விட்டுவிட்டு, அதற்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும் சொல்கிறது.

டர்போ உள்ள டீசல் கெப்பில் நாம் வாங்கிப் பூட்டும் பூஸ்ட் மீற்றரும், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீற்றரும், இதே கணக்கில்தான் பேசுகிறது. முள் 15இல் நின்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 30. வெளியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு.

இந்த இரண்டு மடங்கு எதற்கு? டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் தெளிக்கலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். காற்றுப் போதாவிட்டால் டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் கரும்புகையாகப் போகும். 2.5 லீட்டர் எஞ்சின் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் வயிற்றை நிரப்புகிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும்போது கணக்குப் பார்த்தால் 3,125 லீட்டர் காற்று. நம் வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் 1,000 லீட்டர் தண்ணீர்த் தாங்கி மூன்றை ஒரே நிமிடத்தில் குடித்துவிடும். அதே அளவு இடத்துக்குள் இன்னும் அதிகக் காற்றைத் திணித்தால் இன்னும் அதிக டீசலை எரிக்கலாம். திணிக்கும் வேலைதான் டர்போவுடையது.

அதற்கான சக்தி புகைக்குழாயிலிருந்து வருகிறது. எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சூடாகப் புகையோடு வெளியே போய்விடுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூகி 1905இல் இதற்கு ஒரு காப்புரிமை எடுத்தார்: வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றட்டும், அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உள்ளே தள்ளட்டும். இன்றைய கெப்பில் அந்தச் சக்கரங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டும்.

அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழும்பின் 32 பாகைக் காற்று 15 பிஎஸ்ஐக்கு அமுக்கப்பட்டு டர்போவிலிருந்து வெளிவரும்போது 120 பாகையைத் தாண்டியிருக்கும். சூடான காற்று விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் இருக்கிறது. பார்வைக்கு ரேடியேட்டர் போன்றது. உள்ளே தண்ணீருக்குப் பதிலாகக் காற்று ஓடும்.

பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முள் காட்டும் எண், உள்ளே போகும் காற்றின் அளவு அல்ல. வேலை விடும் நேரத்தில் கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தின் வாசலை நினைத்துப் பாருங்கள். வாசல் விடுகிற வேகத்தைவிட அதிக வேகத்தில் ஆட்கள் வந்து சேர்வதால்தான் அங்கே நெருக்கம் உண்டாகிறது. பூஸ்ட் என்பது அந்த நெருக்கம். மதிலில் வேறொரு ஓட்டை இருந்தால் நெருக்கம் குறைந்துவிடும். வாசலே பாதி அடைபட்டிருந்தால் நெருக்கம் கூடும், ஆனால் உள்ளே போகிறவர்கள் குறைவு. அதனால் "என் வண்டி 20 காட்டுகிறது, உன்னுடையது 15தானா?" என்ற ஒப்பீட்டில் பொருளே இல்லை. உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போது எவ்வளவு காட்டும், இன்று எவ்வளவு காட்டுகிறது என்ற ஒப்பீடுதான் பயன்படும்.

நெருக்கம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள, பழைய வகை டர்போக்களில் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு இருக்கிறது. பூஸ்ட் ஏறும்போது அதே காற்று ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்து ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும், கதவு திறக்கும், புகையின் ஒரு பகுதி சக்கரத்தில் படாமலே வெளியேறும். புதிய வண்டிகள் பலவற்றில் கதவுக்குப் பதிலாகத் திசை மாறும் சிறு இதழ்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

இந்த ஸ்பிரிங் வெளிக்காற்றை வைத்துத்தான் ஒப்பிடுகிறது என்பதில் ஓர் அழகு இருக்கிறது. சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தம் 11.7 பிஎஸ்ஐ அளவுதான். டர்போ இல்லாத வண்டி அங்கே தன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. டர்போ வண்டியின் முள் அங்கும் அதே 15ஐத் தொடும், மொத்தம் 26.7 ஆகிவிடும். இழப்பு பத்தில் ஒரு பங்கு. மலைநாட்டுக்குச் சுமை ஏற்றுகிறவர்கள் டர்போ வண்டியை விரும்புவது சும்மா இல்லை.

சரி, மீற்றருக்கு வருவோம். முள் வைத்த இயந்திர மீற்றரின் உள்ளே ஒரு தட்டையான பித்தளைக் குழாய் அரைவட்டமாக வளைந்து கிடக்கும். ஆடிவேல் விழாவில் பிள்ளைகள் வாங்குகிற, ஊதினால் சுருள் விரிந்து நீளும் காகித ஊதி நினைவிருக்கிறதா? வேலை அதே மாதிரித்தான். காற்று உள்ளே அழுத்தும்போது தட்டைக் குழாய் உருண்டையாக முயலும். அப்படி முயலும்போது வளைவு கொஞ்சம் நிமிரும். நிமிர்வது சில மில்லிமீட்டர்தான். சின்னப் பற்சக்கரம் ஒன்று அதைப் பெருக்கி முள்ளைச் சுழற்றுகிறது. பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டான் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்சார மீற்றரில் குழாய்க்குப் பதிலாக எஞ்சின் பக்கமே ஒரு சென்சர் இருக்கும். அதற்குள் உள்ள மெல்லிய சிலிக்கன் தகடு அழுத்தத்தில் வளையும்போது அதன் மின்தடை மாறும். கபினுக்குள் வயர் மட்டும் வரும். இரண்டும் நல்லவைதான். எனக்கு முள் பிடிக்கும். அது ஏறி இறங்கும் விதத்திலேயே பாதிச் செய்தி இருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் மீற்றர் வாங்கினால் முகத்தில் எழுதியிருப்பதை நின்று படியுங்கள். பழைய ஜப்பானிய மீற்றர்கள் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் என்ற கணக்கில் இருக்கும். அதில் 1 என்றால் 14.2 பிஎஸ்ஐ. பெற்றோல் வண்டிக்கானது 0க்குக் கீழேயும் அளவு போட்டிருக்கும், ஏனென்றால் அக்சிலேட்டரை விட்டதும் பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும். என் வண்டி போன்ற பழைய டீசலில் காற்றை அடைக்கும் கதவு இல்லாததால் முள் 0க்குக் கீழே போக வேலையில்லை.

பூட்டுவதில் முக்கியமான கேள்வி, காற்றை எங்கிருந்து எடுப்பது என்பது. டர்போ காற்றை வெளியே தள்ளும் வாயிலிருந்து எடுத்தால் இன்டர்கூலருக்கு முன்னால் உள்ள அழுத்தம்தான் தெரியும். எஞ்சினுக்குக் கிடைப்பது அதைவிட ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவு. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் மெல்லிய குழாயை வெட்டி டீ (T வடிவ இணைப்பு) போடுவதைத் தவிருங்கள். அந்த இணைப்பில் கசிவு வந்தால் ஸ்பிரிங்குக்குக் குறைந்த அழுத்தம்தான் போய்ச்சேரும், கதவு பிந்தித் திறக்கும், பூஸ்ட் அளவு மீறும். சரியான இடம் இன்டர்கூலருக்குப் பிறகு உள்ள, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மனிஃபோல்ட். பழைய டீசல்களில் அங்கிருந்து டீசல் பம்பின் தலைக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். அதில் டீ போட்டு எடுக்கலாம். எஞ்சினில் பூட்டியிருக்கும்போதே மனிஃபோல்டில் ட்ரில் போட வேண்டாம். விழும் உலோகத்தூள் நேரே சிலிண்டருக்குள் போகும்.

கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் என் வண்டிக்குப் பூட்டித் தந்தார். டீயின் கிளையை மேல்நோக்கித் திருப்பி வைத்தார். ஏன் என்று கேட்டேன். "தம்பி, இந்தக் காற்றில எண்ணெய் ஆவியும் வரும். கீழ பார்த்து வைச்சா அது வடிஞ்சு வந்து குழாய்க்குள்ள நிக்கும், முள் மெதுவாகும்" என்றார். பிறகு குழாயைக் கையால் தடவிக்கொண்டே கொண்டுபோனார். டர்போ, புகைக்குழாய் இரண்டிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, தொங்கல் விழாமல். எஞ்சின் அறைக்கும் நம் கால்மாட்டுக்கும் இடையிலுள்ள தகரச் சுவரில் வயர்கள் வரும் ஓட்டையில் ஏற்கெனவே ஓர் இறப்பர் வளையம் இருந்தது. அதிலேயே சின்னத் துளையிட்டு உள்ளே விட்டார். தகரத்தில் புதிதாக ஓட்டை போட்டால் அதற்கும் இறப்பர் வளையம் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் தகரத்தின் விளிம்பு குழாயை அறுத்துவிடும். உள்ளே வந்த பிறகு கிளச் மிதி முழுவதும் அமுங்கும்போது குழாயைத் தொடுகிறதா என்று மிதித்துப் பார்த்தார். மீற்றர் விளக்குக்குச் சிறிய ஃபியூஸ் ஒன்றோடு, பார்க் லைட் போடும்போது எரிகிற மாதிரி மின்சாரம் எடுத்தார்.

மீற்றரை முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டுகிறவர்கள் பலர். புதிய வண்டிகளில் அந்தத் தூணுக்குள் எயார்பேக் இருக்கலாம். விபத்தில் அது விரியும்போது மீற்றரும் சேர்ந்து முகத்துக்கு வரும். டாஷ்போட்டின் மேல் வைப்பதே நல்லது.

முதல் மாதம் முழுவதும் பார்த்துப் பார்த்து என் வண்டியின் எண்களைப் பழகினேன். நின்று ஓடும்போது 0. சமதரையில் 4, 5. கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தில், சுமையோடு மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் 15.

ஒரு வருடம் கழித்து அதே ஏற்றத்தில் அதே சுமையோடு முள் 9ஐத் தாண்டவில்லை. இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டி வந்தது. கரும்புகை இல்லை, சத்தமும் காதில் விழவில்லை. கொழும்புக்கு வந்து காட்டிய முதல் கராஜில் "டர்போ முடிந்துவிட்டது, மாற்றுங்கள்" என்றார்கள். அந்தச் செலவை நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் கிராண்ட்பாஸுக்குப் போனேன். அண்ணன் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயை அடைத்து, டயருக்கு அடிக்கும் காற்றைக் கொஞ்சமாக உள்ளே விட்டார். பிறகு சவர்க்கார நீரைப் பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசினார். இன்டர்கூலரிலிருந்து வரும் தடித்த இறப்பர் குழாயின் அடிவயிற்றில், கிளிப்புக்குப் பக்கத்தில், நுரை பொங்கியது. விரலால் விரித்துப் பார்த்தால்தான் தெரிகிற, ஓர் அங்குல நீள வெடிப்பு. அழுத்தம் இல்லாதபோது உதடு மாதிரி மூடிக்கொள்கிறது.

புகை வராததன் காரணத்தையும் அவரே சொன்னார். டீசல் பம்பின் தலைக்குப் போகும் அந்த மெல்லிய குழாயின் வேலை, பூஸ்ட் எவ்வளவோ அதற்கேற்ப டீசலை அளந்து விடுவது. பூஸ்ட் குறைந்ததும் பம்ப் டீசலையும் குறைத்துவிட்டது. காற்றும் டீசலும் சேர்ந்தே குறைந்ததால் நோயின் அடையாளம் வெளியே தெரியவில்லை. இழுவை குறைந்தது ஒன்றுதான் மிச்சம். அதுவும் மெல்ல மெல்லக் குறைந்தால் கால் அதற்குப் பழகிவிடும்.

புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டோம். அடுத்த கிழமை மாவனெல்லையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூன்றாம் கியரிலேயே விட்டு மிதித்தேன். முள் 9ஐக் கடந்தது, 12, அப்புறம் 15இல் போய் நின்றது.