ஐந்து நிமிடத்தில் ஆளை எடை போடுகிறவர்களுக்கு

சென்ற வாரமும் அதேதான் நடந்தது. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்கு வெல்டர் தேவை. வந்தவர்களில் ஒருவர், கொடுத்த தகடுகளை மற்ற எல்லோரையும்விடச் சுத்தமாக இணைத்துக் காட்டினார். மேலாளர் அவரை வேண்டாம் என்றார். "முகம் பார்த்துப் பேசவில்லை, ஏதோ சரியில்லை." வெல்டிங் செய்கிறவர் பார்க்க வேண்டியது இணைப்பையா, மேலாளரின் முகத்தையா?

ஆள் எடுப்பதில் பல துறையினருக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். மருத்துவமனை செவிலியரை எடுக்கும்போதும், பள்ளி ஆசிரியரை எடுக்கும்போதும், அலுவலகம் கணக்காளரை எடுக்கும்போதும் யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்: "ஐந்து நிமிடம் பேசினால் போதும், ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன்." பதவி உயர உயர இந்த நம்பிக்கையும் உயர்கிறது.

இந்த நம்பிக்கை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். நீங்கள் எடுத்தவர் நன்றாக வேலை செய்தால், "அன்றே சொன்னேன்" என்கிறீர்கள். சரிவராமல் போனால், "வந்த பிறகு மாறிவிட்டார்" என்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் கணிப்புக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. நீங்கள் வேண்டாம் என்றவர் என்ன ஆனார்? வேறெங்கோ அருமையாக வேலை செய்துகொண்டிருப்பார். அது உங்கள் காதுக்கு எட்டாது. வாசலிலேயே திருப்பி அனுப்பிய விருந்தாளியின் குணத்தை வீட்டுக்காரர் எங்கே அறிவார்? பாதிக் கணக்கு இல்லாமலேயே இருபது ஆண்டு அனுபவம் என்கிறோம்.

அந்த மறுபாதிக் கணக்கு தற்செயலாக ஒருமுறை கிடைத்தது. 1979-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்று நேர்முகத் தேர்வை நடத்தி, மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அதன் பிறகு கூடுதலாக 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநில அரசிடமிருந்து உத்தரவு வந்தது. முதலில் வேண்டாம் என்று விடப்பட்டவர்களிலிருந்தே அந்த 50 பேரை எடுத்தார்கள். படிப்பிலும், மருத்துவமனைப் பயிற்சியிலும், பட்டம் பெற்ற பிறகான முதலாண்டுப் பணியிலும் இவர்களுக்கும் முதலில் தேர்வானவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தேர்வுக் குழு அவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளியதற்கு நேர்முகத் தேர்வில் உண்டான அபிப்பிராயமே பெரும் காரணம்.

இதைவிடச் சங்கடமான ஆய்வு 2013-இல் வெளியானது. சக மாணவர்களின் மதிப்பெண்ணைக் கணிக்கும்படி சிலரிடம் கேட்டார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்தபோது ஓரளவு சரியாகக் கணித்தார்கள். நேரில் பேசிப் பார்த்த பிறகு கணிப்பு மோசமானது. பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் கேள்விக்குத் தொடர்பே இல்லாமல், குருட்டாம்போக்கில் 'ஆம்', 'இல்லை' என்று சொல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். கேள்வி கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதோடு, ஆளைப் புரிந்துகொண்டதாகவும் நம்பினார்கள். 'ஏதோ சரியில்லை' என்று சொல்லும் மேலாளர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

"நம் குழுவுக்குப் பொருந்துவாரா என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் உயர்நிலை வங்கி, சட்ட, ஆலோசனை நிறுவனங்களில் ஆய்வு செய்து 2012-இல் எழுதினார். பொருத்தம் என்று அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி, தங்களைப் போன்ற பொழுதுபோக்கும் வளர்ப்பும் பேச்சும்தான்.

நேர்முகத் தேர்வு வரை வர முடியாதவர்களின் நிலைமை வேறு. சிகாகோவிலும் பாஸ்டனிலும் தகுதியில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய ஆய்வு 2004-இல் வந்தது. வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயருக்கு அது கிடைக்க ஏறத்தாழப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. இந்தியத் தனியார் துறை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பி சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும், அதே தகுதியுள்ள தலித், இஸ்லாமியப் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. வேறோர் ஆய்வில் தாய்மார்களுக்கும் இதே கதி, தந்தையருக்கு இல்லை.

கணினியிடம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று இப்போது பலர் என்னிடம் வருகிறார்கள். பழைய விண்ணப்பங்களைப் பாடமாகக் கொடுத்துப் பழக்கிய ஒரு கருவியை அமேசான் கைவிட்டதாக 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெண்களைக் குறிக்கும் சொல் இருந்தாலே அந்தக் கருவி மதிப்பைக் குறைத்தது. பழைய பாரபட்சத்தை அது ஒழுங்காகப் படித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேர்வு முறை பின்னாளைய வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று, பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் செய்த மறுமதிப்பீட்டில் முதலிடம் பிடித்ததும் நேர்முகத் தேர்வுதான். ஆனால் அது எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் வகை. மனம் போன போக்கில் பேசும் உரையாடல் பட்டியலில் வெகு கீழே கிடக்கிறது. வெறும் பணி ஆண்டுகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். 'குறைந்தது எட்டு ஆண்டு' என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, கேள்விகளை முதல் நாளே எழுதுங்கள். எல்லோரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். எது நல்ல பதில் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம். குறிப்பாக, குழுவில் மூத்தவர். திருமணம், குழந்தை பற்றிய கேள்வி எதற்கு? விட்டுவிடுங்கள்.

வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். சோதனை என்ற பெயரில் மூன்று நாள் சம்பளமில்லாமல் உழைக்க வைப்பது தேர்வு அல்ல, சுரண்டல். அப்படிச் செய்த நிறுவனங்களை நான் கைகழுவியிருக்கிறேன்.

வேலை தேடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு கிடைத்த மறுப்பை உங்கள் திறமை மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "செய்து காட்டட்டுமா?" என்று நீங்களே கேட்கலாம், சிலர் சம்மதிப்பார்கள்.

தேர்வுக் குழுவினருக்கு இன்னும் ஒன்று. மதிப்பெண் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். ஓராண்டு கழித்து, எடுத்தவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கோப்பும், நாட்காட்டியில் ஒரு குறிப்பும் போதும்.