70 கிலோவில் நின்றுபோன ராடு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜிம்மில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பெஞ்ச் பிரஸ் முதல் இரண்டு மாதத்தில் 40 கிலோவிலிருந்து 60க்கு மளமளவென்று ஏறியது. அப்புறம் தட்டுத்தடுமாறி 70. அதோடு சரி, நான்கு மாதமாக அசையவில்லை. கூட வருகிறவர்கள் கண் பட்டுவிட்டது என்கிறார்கள். மாஸ்டர் விலை கூடின புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். எதை நம்புவது?"

(பெஞ்ச் பிரஸ் என்பது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய ராடை மார்பிலிருந்து மேலே தள்ளுவது.) இரண்டும் வேண்டாம். திருஷ்டியை இதுவரை யாரும் நியூட்டன் கணக்கில் அளந்து காட்டவில்லை. புரோட்டீன் தேவைதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் சாப்பிட்டால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்று சொல்கிறது. முட்டை, பால், மீன், கோழி, பருப்பு, கடலை என்று கலந்து சாப்பிட்டு அந்தக் கணக்கை எட்டிவிட்டால் பவுடர் டப்பாவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

அவர் கடிதத்தில் என்னைக் கவர்ந்தது நின்றுபோன நான்கு மாதம் அல்ல, ஏறிய இரண்டு மாதம். 40 கிலோ 60 ஆனது என்றால் வலு ஒன்றரை மடங்காகியிருக்கிறது. தசையும் ஒன்றரை மடங்கு பருத்ததா? பருத்திருந்தால் பழைய சட்டை எதுவும் போட முடிந்திருக்காது. மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் 1979இல் எட்டு வாரப் பயிற்சியைத் தொடர்ந்து அளந்து இதைத்தான் காட்டினார்கள்: முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை, தசை பருமனாவதன் பங்கு பின்னால்தான் மேலோங்குகிறது. இதற்கும் முன்னே, 1894இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் அவருடைய உதவியாளர்களும் ஒரு கைக்கு மட்டும் பிடிவலுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, சும்மா இருந்த மறுகையிலும் வலு ஏறியிருந்தது. அந்தக் கை ஒரு எடையையும் தொடவில்லை.

அப்படியானால் பயிற்சி எங்கே பதிகிறது? இதற்குத் தண்டுவடத்துக்குள் போகவேண்டும்.

பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். மூளையிலிருந்து இறங்கும் கட்டளை தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களுக்குப் போகிறது. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு கொத்துத் தசைநார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. நரம்பணு ஒரு முறை சுட்டால், அதாவது ஒரு மின்துடிப்பை அனுப்பினால், அதன் கொத்து முழுதும் சுருங்கும், பாதி சுருங்குவது என்பது கிடையாது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு கொத்துக்கு ஒரு சில நார்கள்தான். கெண்டைக்கால் போன்ற பெரிய தசையில் ஆயிரத்துக்கும் மேல். ஒரே தசைக்குள்ளேயே சிறிய கொத்து, பெரிய கொத்து என்று பல அளவுகள் உண்டு. சிறியவை களைக்காமல் நெடுநேரம் உழைக்கும், விசை குறைவு. பெரியவற்றுக்கு விசை அதிகம், சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

இப்போது கேள்வி. பேனாவைத் தூக்கும்போது சிறிய கொத்துகளை மட்டும் அழைக்கவேண்டும், 70 கிலோ ராடுக்குப் பெரியவற்றையும் அழைக்கவேண்டும். யாரை எப்போது அழைப்பது என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் எல்வுட் ஹென்னமன் 1950களில் பூனைகளை வைத்து இதைத் தேடினார். பூனையின் கெண்டைக்கால் தசையை மெல்ல இழுத்துக்கொண்டே, தண்டுவடத்திலிருந்து வெளியேறும் நரம்பிழைகளில் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். தடித்த இழையில் துடிப்பு உயரமாகப் பதிவாகும், மெல்லிய இழையில் குட்டையாக. இழுவை கூடக்கூட, முதலில் குட்டைத் துடிப்புகள் வந்தன, அதற்குமேல் சற்று உயரமானவை, கடைசியில் மிக உயரமானவை. இழுவையைத் தளர்த்தியபோது வரிசை அப்படியே திரும்பியது: கடைசியாக வந்த பெரியவை முதலில் அடங்கின. 1957இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு அளவு விதி என்று பெயர்.

இதில் அழகு என்னவென்றால், வரிசையைப் பார்த்துக்கொள்ள யாரும் தேவையில்லை. ஓம் விதியே பார்த்துக்கொள்கிறது. மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. சிறிய நரம்பணுவின் மேற்பரப்பு குறைவு, மின்னோட்டம் கசிந்து வெளியேற வழி குறைவு, ஆகவே தடை அதிகம். பெரிய நரம்பணுவில் கசிய இடம் நிறைய, தடை குறைவு. மேலிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு மின்னோட்டம் வந்தாலும், சிறியதில் மின்னழுத்தம் சட்டென்று உயர்ந்து சுடும் அளவைத் தொட்டுவிடும். ஒரே குவளைத் தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால் நிரம்பி வழியும், அண்டாவில் ஊற்றினால் அடியில்கூடத் தெரியாது, அது போலத்தான். அண்டா நிரம்ப வேண்டுமானால் நிறைய ஊற்றியாக வேண்டும். மூளை செய்யவேண்டியது ஒன்றுதான்: கட்டளையின் பலத்தைக் கூட்டுவது. யார் எழவேண்டும் என்பதை நரம்பணுக்களின் உடல்வாகே முடிவு செய்துவிடுகிறது. எழுதும்போது கை அதிராமல் இருப்பதற்கும் இதுவே காரணம். குறைந்த விசையில் சிறிய கொத்துகள்தான் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன, திடீரென்று ஒரு பெரிய கொத்து குதிப்பதில்லை.

பூனைக் காலை இழுத்துப் பார்க்கிறேன் என்று இன்று ஒருவர் நிதி கேட்டுப் போனால், "இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். ஹென்னமன் அந்தக் கட்டத்தில் பெஞ்ச் பிரஸ் என்று எழுதியிருக்க மாட்டார். பதக்கம் வந்தபின் பரிசுத்தொகை அறிவிப்பதில் நம் அரசுகளுக்கு உள்ள வேகத்தில் கால்வாசி, பயன் தெரியாத அடிப்படை ஆய்வுக்கும் இருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, நம் வாசகருக்கு வருவோம். சிறிய கைத்தசைகளில் பாதி விசைக்குள்ளேயே எல்லாக் கொத்துகளும் எழுந்துவிடும், அதற்குமேல் சுடும் வேகத்தைக் கூட்டித்தான் விசை ஏறும். பைசெப்ஸ் போன்ற பெரிய தசைகளில் அப்படி இல்லை, உச்ச விசையின் 80 சதவீதத்தைத் தாண்டியும் புதிய கொத்துகள் எழுந்துகொண்டிருக்கும். தன் பயிற்சியை அவர் எழுதியிருக்கிறார்: 50 கிலோவில் 12, 12, 10 ரெப், அதாவது அத்தனை முறை தூக்குவது, மூன்று செட்டாக. இடையில் ஒரு நிமிட ஓய்வு. வாரம் ஒருநாள். ஒவ்வொரு செட்டிலும் களைப்பு ஏறியபின் பெரிய கொத்துகள் எழும்தான், ஆகவே தசை வளர இது போதும். ஆனால் எல்லாக் கொத்துகளையும் ஒரே நேரத்தில், வேகமாகச் சுடவைக்கும் பழக்கம் இதில் வராது. நான்கு வாரப் பயிற்சிக்குப் பின், அதே கொத்துகள் குறைந்த விசையிலேயே எழுவதையும் கூடுதல் வேகத்தில் சுடுவதையும் 2019இல் தோலுக்கு மேல் மின்முனைகளை ஒட்டியே ஓர் ஐரோப்பியக் குழு அளந்து காட்டிவிட்டது. கனத்தைத் தூக்கித்தான் அந்தப் பழக்கம் வரும். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையைக் கூட்டுவதில் கனமான எடை லேசான எடையைவிட மேல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஜிம்மில் கத்துகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, 1961இல் இகாய், ஸ்டெய்ன்ஹாஸ் இருவரும் சிலரை முழு பலத்தோடு கையை மடக்கச் சொல்லி அளந்தார்கள். இழுப்பதற்குச் சில நொடி முன் பின்னால் துப்பாக்கி வெடித்தாலோ, இழுக்கும்போது இழுப்பவர்களே கத்தினாலோ, "முழு பலம்" என்று அவர்கள் நினைத்திருந்ததைவிடக் கூடுதல் விசை வந்தது. அதற்காகப் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் காதில் கத்தவேண்டும் என்று சொல்லவில்லை.

நரம்புக்கு அடுத்தது நெம்புகோல். ராடு மார்பைவிட்டுக் கிளம்பிச் சில அங்குலம் ஏறியதும் ஓரிடத்தில் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அந்த இடம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. அதை எளிதாக்கும் வழியில் அவ்வளவு வாக்குவாதம் இல்லை. ராடு மார்பின் அடிப்பகுதியில் இருக்கும்போது தோள் மூட்டிலிருந்து கிடைமட்டமாகத் தள்ளி நிற்கிறது. அந்தத் தூரத்தை எடையால் பெருக்கினால் தோளில் விழும் திருப்புவிசை. புதியவர்கள் ராடை நேர்மேலே தள்ளிவிட்டு, கடைசியில்தான் முகத்துப் பக்கம் கொண்டுவருகிறார்கள். தேர்ந்தவர்கள் கிளம்பும்போதே மேலும் பின்னுமாகச் சாய்த்துத் தள்ளுகிறார்கள், திணறும் இடம் வருவதற்குள் தூரம் குறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு வீடியோ எடுத்தால் நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா பவர்லிஃப்டிங்கில் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான் போட்டி, காலைத் தரையில் ஊன்றி உந்தவும் வழியில்லை. அதில் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 212 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய நம் சுதீரின் வீடியோவைப் பாருங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 310 கிலோ தூக்கிய ஈரானின் சியாமந்த் ரஹ்மானையும் பாருங்கள்.

ஆக, வாரம் இரண்டு நாள் பெஞ்ச் பிரஸ் வையுங்கள். ஒரு நாள் 60, 62.5 கிலோவில் மூன்று முதல் ஐந்து ரெப், நான்கைந்து செட், நடுவில் மூன்று நிமிடமாவது ஓய்வு. இன்னொரு நாள் பழையபடி லேசான எடை, கூடுதல் ரெப். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் பாதி அளவு மட்டும் செய்யுங்கள், சேர்ந்த களைப்பு இறங்கினால்தான் சேர்ந்த வலு வெளியே தெரியும்.

அப்புறம் பிளேட். பல ஜிம்களில் இருப்பதிலேயே சிறியது 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் 70லிருந்து ஒரே தாவலில் 75, அதாவது ஏழு சதவீதம். புரோட்டீன் பவுடருக்கு வைத்திருந்த காசில் ஒரு ஜோடி 1.25 கிலோ பிளேட் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், 72.5 சாத்தியமாகும். உச்ச எடையை ஸ்பாட்டர், அதாவது ராடைப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நிற்பவர், இல்லாமல் முயலவேண்டாம். யாருமே இல்லாத நேரத்தில் லேசான எடை தூக்கினாலும் ராடின் முனையில் கிளிப் மாட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைக் கீழே சரியவிடலாம், சத்தம் கேட்டு மாஸ்டர் திட்டுவார், அவ்வளவுதான்.