மோட்டரைப் போடுமுன் மம்பட்டியைப் போடுங்கள்

"இந்த முறையும் மழை காணாது சேர்." உழுந்து வாடத் தொடங்கியதும் வன்னியில் எங்கு போனாலும் இதைக் கேட்கலாம். ஆனால் அதே மழையில், பக்கத்துக் காணி உழுந்து பச்சையாக நிற்கும். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மழை, அந்தப் பக்கம் இன்னொரு மழையா பெய்தது?

வவுனியாப் பக்கத்து மேட்டுக் காணி ஒன்றில் குழி வெட்டிப் பார்த்தோம். மேலே செங்கபில மண். ஒரு அடி போனதும் மம்பட்டி 'டங்' என்றது. கீழே கச்சான் பருப்பளவு கல் நிறைந்த கிரவல் படை. உழுந்தின் ஆணிவேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் வளைந்து ஓடியிருந்தது. அயல் காணியில் கிரவல் வந்தது இரண்டு அடிக்குப் பிறகுதான்.

கணக்கைப் பாருங்கள். இந்த மண் ஒரு மீற்றர் ஆழத்துக்குப் பயிர் எடுக்கக்கூடிய நீரில் 100 மில்லிமீற்றர் பிடிக்கும் என்று வைப்போம். ஒரு அடியில் 30, இரண்டு அடியில் 60. அதில் பாதி தீர்ந்ததுமே பயிர் சிரமப்படத் தொடங்கிவிடும். நாளுக்கு 5 மில்லிமீற்றர் செலவானால் முதல் காணி மூன்று நாள் தாங்கும், மற்றது ஆறு நாள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய 4000 லீற்றர். அப்படியானால் இரண்டு காணியும் பிடித்து வைக்கும் நீரில் ஏக்கருக்கு 120,000 லீற்றர் வித்தியாசம். ஆழம் குறைந்த காணிக்காரர் ஒரே நாளில் கூடுதலாக இறைத்தும் பயனில்லை. மிஞ்சுவது கிரவலுக்குள் இறங்கி, போட்ட உரத்தையும் கொண்டு போய்விடும். அவர் கொஞ்சமாக, அடிக்கடி இறைக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணலுக்கும் இதே விதிதான்.

"அப்ப களிமண்தானே நல்லது?" என்று கேட்பார்கள். முழுக்கச் சரியில்லை. களி நிறையத் தண்ணீரைப் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு பெரிய பங்கை இறுக்கி வைத்துக்கொள்ளும். கையில் எடுத்தால் ஈரம் தெரியும், பயிரோ வாடிக் கிடக்கும். பயிருக்குத் தாராளமாகக் கொடுப்பது மணலும் களியும் கலந்த இருவாட்டி மண்தான்.

மன்னார்ப் பக்கத்து முருங்கன் கருங்களி தனி ரகம். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை அந்த வெடிப்போடு திறந்துவிட்டால் முதலில் வெடிப்புகளுக்குள்தான் ஓடும். மண் ஊதி வெடிப்பு மூடிய பிறகே வயலில் தண்ணீர் நிற்கும். அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போதே மேலாக ஓர் உழவு போட்டால் வெடிப்பு அவ்வளவு ஆழம் போகாது.

செங்கபில மண்ணின் குறை வேறு. காய்ந்தால் கல்லாய் இறுகும். வெறும் நிலத்தில் பெருமழை அடித்தால் மேற்பரப்பு பசைபோல் மூடிக்கொள்ளும். பிறகு பெய்வது வாய்க்காலுக்குத்தான். நம் வெயிலுக்கு, இலைதழை மக்கிச் சேரும் சேதனப் பொருள் மண்ணில் நெடுநாள் தங்குவதும் இல்லை. அப்படியிருக்க, அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது எனக்கு விளங்கவேயில்லை. அதையே பயிருக்கிடையில் பரப்பினால் மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காது. சிறுபோகத்தில் சோளகக் காற்று உறிஞ்சும் ஈரமும் குறையும்.

குளத்துக்கும் இதே பாடம்தான். சின்னக் குளங்களை ஆழமாக்கினால் தண்ணீர் கூடும் என்று இயந்திரத்தை இறக்குகிறார்கள். அடியில் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதையும் கடந்து கிரவல் தெரியும்வரை தோண்டினால் குளம் ஒழுகத் தொடங்கும். மேலே சேர்ந்த வண்டலை மட்டும் வழித்து மேட்டுக் காணிக்குக் கொண்டுபோங்கள். குளத்துக்கும் நல்லது, மணல் காணிக்கும் நல்லது.

உங்கள் மண் எது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாபோலத் தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். கொஞ்சம் நீண்டு முறிந்தால் இருவாட்டி. இரண்டு அங்குலத்துக்கு மேல் முறியாமல் வந்தால் களி. அப்புறம் காணியில் மூன்று நாலு இடத்தில் குழி வெட்டி, கிரவல் எத்தனை அடியில் வருகிறது என்று அளந்து வையுங்கள். தண்ணீர் இறைத்த மறுநாளும் ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள். ஈரம் வேரைத் தாண்டிக் கீழே போயிருந்தால், அடுத்த முறை மோட்டரை முன்னதாகவே நிறுத்தலாம்.