பித்தக்கல் குளிசை உள்ளே என்ன செய்கிறது?

ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று வந்துவிட்டால், மட்டக்களப்புப் பக்கம் யாராவது ஒருவர் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லாமல் விடமாட்டார். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் கைவைத்தியம். பித்தப்பைக்குள் சிறுநீர் போவதில்லை. டொக்டர் எழுதித் தரும் உர்சோடியாக்சிகோலிக் அமிலக் குளிசையையும் கல்லை உடைக்கும் மருந்து என்றே பலர் நினைக்கிறார்கள். அது உடைப்பதில்லை, கரைக்கிறது. அதுவும் மெல்ல மெல்ல.

கொலஸ்ட்ரோல் தண்ணீரில் கரையாது. பித்தநீரில் உள்ள பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும்தான் அதைக் கரைத்து வைத்திருக்கின்றன. அளவு மிஞ்சினால் பிளேன்டீயில் அள்ளிப்போட்ட சீனி மாதிரி அடியில் தங்கும்; நாளடைவில் கல்லாகும். இந்தக் குளிசை, ஈரல் பித்தநீருக்குள் விடும் கொலஸ்ட்ரோலையும் குடல் உறிஞ்சும் கொலஸ்ட்ரோலையும் குறைக்கிறது. அப்புறம், இடம் கிடைத்த பித்தநீர் கல்லின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொலஸ்ட்ரோலை இழுத்துக்கொள்கிறது.

மேற்பரப்பிலிருந்து கரைவதால் சின்னக் கற்களுக்கே இது நன்றாகப் பலிக்கும்; 15 மில்லிமீற்றரைத் தாண்டினால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கல்சியம் படிந்த கல்லும், தலசீமியா போன்ற நோய்களில் சிவப்பணுக்கள் சிதைந்து உண்டாகும் கறுப்புக் கல்லும் இதற்கு அசையாது. பித்தப்பையின் வாய் அடைபட்டிருந்தாலும் பயனில்லை, புதிய பித்தநீர் உள்ளே போக வேண்டுமே! உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வீதம், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை எடுக்க வேண்டும். கரைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறுபடி கல் வருகிறது. அடிக்கடி வலி வருகிறவர்களுக்குப் பித்தப்பையையே எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். வலியே இல்லாத கல்லைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம்.

அதே கிளினிக்கில் கல்லே இல்லாத ஒருவரும் இதே குளிசையை வாங்கிப் போகலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. தேங்கும் பித்த அமிலங்கள் சவர்க்காரம் போல ஈரல் செல்களை அரிக்கும். இந்த மருந்தும் ஒரு பித்த அமிலம்தான், ஆனால் சாதுவானது. கடுமையானவற்றின் பங்கைக் குறைத்து, பித்தநீரை ஓடவும் வைக்கிறது. இந்த நோய்க்கு அளவு கூட: கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்தை இதோடு சேர்த்துக் குடித்தால் குளிசை சரியாக உறிஞ்சப்படாது, இடைவெளி விடுங்கள். வலியோடு காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் வந்தால், கல் குழாயில் சிக்கியிருக்கலாம். அப்போது குளிசையை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.